ஃபிக்ஸட் பிரைஸா, மணிக்கணக்கா? கன்சல்டிங் கம்பெனி நடத்துகிறவர்கள், நடத்தியவர்கள் வாருங்கள்

பழையசர்வர் எழுதியது:

ஃபிக்ஸட் பிரைஸில், அதாவது மொத்த வேலைக்கும் முன்பே ஒரே விலை பேசி, வேலை எடுத்தால் மூழ்கிப்போவோம், மணிக்கணக்கில் பில் போட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று புதிதாகக் கம்பெனி தொடங்குகிற எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். நான் சின்ன சாஃப்ட்வேர் கன்சல்டிங் கம்பெனி ஒன்றைப் பல வருஷம் நடத்திவிட்டு இப்போது வேறொருவர் கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு வழியிலும் மூழ்கியவர்கள் எனக்குத் தெரியும், இரண்டு வழியிலும் நன்றாகச் சம்பாதிக்கிறவர்களும் தெரியும். அதனால் இந்தச் சண்டையே வேறு எங்கோ நடக்க வேண்டியது என்பது என் கட்சி.

பில் போடும் முறை, ரிஸ்க் யார் தலையில் என்பதை மட்டும்தான் சொல்கிறது. தேவை தெளிவில்லாமல் வேலை இழுத்துக்கொண்டு போனால் ஃபிக்ஸட் பிரைஸில் நம் தலையில், மணிக்கணக்கில் கிளையண்ட் தலையில். ஆனால் அவர் தலையில் விழுந்தது அங்கேயே இருக்கும் என்று யார் சொன்னது? பட்ஜெட் தீர்ந்ததும் மூன்றாவது மாத இன்வாய்ஸை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்க ஆரம்பிப்பார், டைம்ஷீட்டில் "பக் ஃபிக்ஸிங்" என்று இருப்பதைக் காட்டி "பக் உங்களுடையதுதானே, அதற்கு நான் ஏன் காசு தரணும்" என்பார், கடைசியில் நீங்கள் பாதியைத் தள்ளிக்கொடுத்து சமாதானமாவீர்கள். அதுவும் ஃபிக்ஸட் பிரைஸ்தான். என்ன, விலையை அவர் வைக்கிறார், அதுவும் வேலை முடிந்த பிறகு வைக்கிறார்.

கம்பெனி பிழைக்குமா என்பதை முடிவு செய்வது என் கணக்கில் வேறு ஒன்று. "சரி, இது முடிந்தது, பணம் கொடுக்கலாம்" என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் எதிர்ப்பக்கத்தில் யாருக்கு இருக்கிறது, வேலை தொடங்கும் முன்பே அந்த ஆளை நாம் பார்த்துவிட்டோமா, அவ்வளவுதான். ஒரு கிடங்கு ஆர்டர் சிஸ்டம் செய்துகொண்டிருந்தோம். வாராவாரம் டெமோ, எதிர்ப்பக்க ப்ராஜெக்ட் மேனேஜர் ஒவ்வொன்றுக்கும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். யூஏடி என்கிற, பயன்படுத்தப்போகிறவர்களே ஓட்டிப் பார்க்கும் சோதனை அன்றைக்குத்தான் ஆபரேஷன்ஸ் தலைவர் முதல் தடவையாக அறைக்குள் வந்தார். முதல் ஸ்கிரீனைப் பார்த்ததும் மவுஸை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கீபோர்டில் எஃப்4 அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தார். "எங்கள் ஆட்கள் மவுஸையே தொடமாட்டார்கள், கையில் உறை இருக்கும், எஃப்4 அடித்தால் அடுத்த ஆர்டர் வரணும்" என்றார். எழுதி வைத்த தேவைகளில் கீபோர்டு பற்றி ஒரு சொல் கிடையாது, ப்ராஜெக்ட் மேனேஜர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் பில்லிங் முறை என்ன செய்துவிடும், சொல்லுங்கள். மணிக்கணக்கில் போட்டிருந்தாலும் அந்தக் கையெழுத்து கிடைத்திருக்காது.

நடத்துகிறவர்கள் வந்து உங்கள் கதையைச் சொல்லுங்கள். சண்டையும் போடலாம்.

தனியன் எழுதியது:

அண்ணா, சரியான நேரத்தில் போட்டீர்கள். நான் தனியாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், கையில் இரண்டு கிளையண்ட். அதில் பெரியவர் இன்னும் இரண்டு டெவலப்பர் கொடு, ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கிறது என்கிறார். ஆள் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தை மணிக்கணக்காக மாற்றி அதற்கு மேல் முப்பது சதவீதம் வைத்துச் சொன்னால் நியாயமான ரேட் ஆகுமா? கிளையண்டும் அந்த அளவைத்தான் எதிர்பார்க்கிறார் போலத் தெரிகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தனியன், தயவுசெய்து அந்த ரேட்டை இன்னும் அனுப்பிவிடாதீர்கள். இந்த மாதிரி மூன்று நான்கு கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கிறவன் நான், எல்லோரும் முதல் தடவை இங்கேதான் சறுக்குகிறார்கள்.

வருஷத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 40 மணி, ஆக 2080 மணி. சம்பளத்தை இந்த 2080-ஆல் வகுத்துவிட்டுத்தானே முப்பது சதவீதம் வைக்கிறீர்கள்? அந்த 2080 மணியும் வேலை நடக்காது. விடுமுறை, லீவு, உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் சேர்த்து 30 நாளைக் கழியுங்கள், 260 வேலை நாளில் 230 மிஞ்சும், அதாவது 1840 மணி. இதிலும் மீட்டிங், பயிற்சி, ஒரு ப்ராஜெக்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சும்மா இருக்கும் வாரங்கள், புது வேலைக்கு எஸ்டிமேட் போடுவது என்று போக, நான்கில் மூன்று பங்குக்கு பில் போட முடிந்தாலே நன்றாக நடக்கிற கம்பெனி என்று அர்த்தம். 1840-இல் 75 சதவீதம், 1380 மணி.

சம்பளம் ஏதோ ஒரு நாணயத்தில் 1,00,000 என்று வையுங்கள். 2080-ஆல் வகுத்தால் மணிக்கு 48. நீங்கள் முப்பது சதவீதம் சேர்த்து 62, 63 என்று சொல்லப்போகிறீர்கள். நிஜக்கணக்கு வேறு. சம்பளத்தோடு லேப்டாப், லைசன்ஸ், இன்சூரன்ஸ், கணக்கர், வக்கீல், உங்கள் சொந்த நேரம் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 1,30,000. அதை 1380-ஆல் வகுத்தால் 94. இது வெறும் அடக்கம், லாபம் கிடையாது. வருமானத்தில் 20 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்றால் 94-ஐ 0.8-ஆல் வகுக்கணும், கிட்டத்தட்ட 118. சம்பளக் கணக்கில் வந்த 48-க்கு இது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கன்சல்டிங்கில் சம்பளத்தைப் போல இரண்டரை மூன்று மடங்கு ரேட் என்று பெரியவர்கள் சொல்வது பேராசை இல்லை, வகுத்தல் கணக்கு.

அப்புறம் காசு எப்போது வரும் என்று கேட்டீர்களா? 60 நாள் கெடு என்றால், மாதம் முழுக்க வேலை பார்த்து மாதக் கடைசியில் இன்வாய்ஸ் போட்டு அதிலிருந்து 60 நாள். முதல் பைசா மூன்றாவது மாதக் கடைசியில்தான் வரும். அதற்குள் மூன்று சம்பளம் கொடுத்திருப்பீர்கள், அப்ரூவல் இரண்டு வாரம் தள்ளினால் நான்காவது சம்பளத் தேதியும் வந்து நிற்கும். இரண்டு பேர் எடுத்தால் குறைந்தது ஒருவருடைய ஆறு மாதச் சம்பளம் அளவுக்குப் பணம் உங்கள் கையில் முன்கூட்டியே இருக்கணும். கம்பெனி வளர வளர இந்தப் பள்ளம் பெரிதாகும், அதனால்தான் ஆர்டர் குவிந்திருக்கும்போதே கம்பெனிகள் காசில்லாமல் படுக்கின்றன. லாபக் கணக்கில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும், வங்கியில்தான் ஒன்றும் இருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-இல் வந்த உத்தரவு கம்பெனிகளுக்கு இடையே பொதுவாக 60 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் குறைந்தது 8 சதவீதப் புள்ளி வட்டி என்று சொல்கிறது. வட்டி கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, கேட்டுவிட்டு அடுத்த ஆர்டரையும் அதே ஆளிடம் வாங்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும் என்பது வேறு.

மறுகரை எழுதியது:

நான் எதிர்ப்பக்கம். பெரிய கம்பெனி ஒன்றில் உங்களைப் போன்றவர்களிடம் வேலை வாங்குகிற பிரிவில் இருக்கிறேன். எங்களைப் பற்றிப் பேசும்போது நாங்கள் ஏதோ உங்களை நசுக்கவே ஃபிக்ஸட் பிரைஸ் கேட்பது மாதிரி எழுதுகிறீர்கள். உள்ளே எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

ப்ராஜெக்ட்டுக்குப் பணம் கேட்கும் மேனேஜர் ஒரு தொகையை எழுதி மேலே அனுப்பணும். அவருக்கு மேலே நிதிப்பிரிவு. அங்கே "இவ்வளவு ஆகலாம், கூடவும் ஆகலாம்" என்று எழுதினால் அந்தத் தாள் திரும்பி வந்துவிடும். ஒரு எண் வேண்டும். அந்த எண்ணைத் தாண்டினால் மறுபடி அதே படிக்கட்டில் ஏறணும், அதற்குள் நிதியாண்டு முடிந்துவிட்டால் மிச்சப் பணமும் போச்சு. எங்கள் ஆள் உங்களிடம் ஃபிக்ஸட் பிரைஸ் கேட்பது இதற்குத்தான். உச்சவரம்பு வைத்த மணிக்கணக்கு கொடுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

பணம் தாமதமாவதும் பாதி நேரம் கெட்ட எண்ணத்தால் இல்லை. இன்வாய்ஸில் பி.ஓ. எண், அதாவது நாங்கள் கொடுக்கும் பர்ச்சேஸ் ஆர்டரின் எண், இருக்காது. அல்லது இருக்கும், ஆனால் பி.ஓ.வில் "கட்டம் 1, வடிவமைப்பு" என்று இருக்கும், நீங்கள் "மார்ச் மாதப் பணி" என்று எழுதியிருப்பீர்கள். சிஸ்டத்தில் இரண்டும் பொருந்தாது, அது ஒரு வரிசையில் போய் நிற்கும், யாருக்கும் அறிவிப்பு போகாது. நீங்கள் நாற்பதாவது நாள் மேனேஜரைக் கூப்பிட்டுக் கோபப்படுவீர்கள், அவர் நான் அன்றைக்கே அப்ரூவ் பண்ணிவிட்டேனே என்பார், இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பணம் கொடுக்கும் பிரிவில் ஒருவரின் பெயரும் நேரடி எண்ணும் உங்களிடம் இருந்தால் இது ஐந்து நிமிஷ வேலை. பழையசர்வர் சொன்ன கையெழுத்து விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம், ஆனால் கையெழுத்து ஒன்று இல்லை, இரண்டு. வேலை முடிந்தது என்பவர் ஒருவர், பணம் போகலாம் என்பவர் வேறொருவர், இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

முள்ளுவேலி எழுதியது:

எல்லோரும் ஒத்துப்போவதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது, அதனால் நான் எதிர்க்கிறேன்.

பழையசர்வர் சார், பில்லிங் முறை முக்கியம் இல்லை என்பது காசு பார்த்து முடித்தவர் பேசும் பேச்சு. சாஃப்ட்வேர் எஸ்டிமேட் பற்றி ஆராய்ந்த பாரி போம் 1981-லேயே எழுதி வைத்தார், ப்ராஜெக்ட்டின் தொடக்கக் கட்டத்தில் போடும் எஸ்டிமேட் நான்கில் ஒரு பங்கிலிருந்து நான்கு மடங்கு வரை ஆடும் என்று. நான்கு மடங்கு! அந்த நேரத்தில் ஒரு எண்ணைச் சொல்லி அதில் கையெழுத்துப் போடுவது வியாபாரம் இல்லை, சூதாட்டம். அதுவும் சமமான சூதாட்டம்கூட இல்லை. குறைவான வேலையில் முடிந்தால் கிளையண்டுக்குத் தெரிந்து அடுத்த தடவை விலையைக் குறைப்பார், அதிகமானால் அந்த நஷ்டம் முழுக்க உங்களுடையது.

பெரியவர்களுக்கே இதுதான் கதி. ஹெர்ட்ஸ் கார் வாடகைக் கம்பெனி 2019 ஏப்ரலில் அக்சென்ச்சர் என்ற பெரிய கன்சல்டிங் கம்பெனி மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது, வெப்சைட்டையும் ஆப்பையும் புதுப்பிக்க 32 மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்தும் வேலை செய்யும் சைட் கிடைக்கவில்லை என்பது அவர்கள் புகார். அந்தப் புகாரில் எனக்குப் பிடித்த பகுதி, போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் லேஅவுட் செய்துவிட்டு நடுவில் இருக்கிற டேப்லெட் அளவுக்குச் செய்யவில்லை, அதற்குத் தனியாக லட்சக்கணக்கில் கேட்டார்கள் என்பது. அக்சென்ச்சர் புகாரை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா அளவுத் திரையிலும் ஓடணும் என்ற ஒற்றை வாக்கியத்தை இரண்டு பக்கமும் எப்படி வாசித்தார்கள் என்று பாருங்கள். இவ்வளவு வக்கீல்கள் வைத்திருக்கிறவர்களே இப்படி என்றால் இருபது பேர் கம்பெனி ஸ்கோப் (வேலையில் எது சேரும், எது சேராது) எழுதி ஜெயிக்கப் போகிறதா?

மணிக்கணக்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு இன்வாய்ஸ், இரண்டு இன்வாய்ஸ் நின்றால் வேலை நிற்கும். இது ஒன்றுதான் என் பாடம்.

பழையசர்வர் எழுதியது:

முள்ளுவேலி, காசு பார்த்து முடித்தவன் என்கிற உங்கள் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்.

நான்கு மடங்கு ஆடுகிறது என்பது சரி. ஆனால் போம் சொன்னதன் மறுபாதியையும் எடுங்கள், தேவைகளைத் தோண்டத் தோண்ட அந்த ஆட்டம் சுருங்கும். அதனால்தான் நாங்கள் பிற்பாடு எந்த வேலையையும் ஒரே ஒப்பந்தமாக எடுக்கவில்லை. முதலில் மூன்று நான்கு வாரத்துக்கு ஆய்வு மட்டும், அதற்குத் தனி விலை, அது ஃபிக்ஸட் பிரைஸ். முடிவில் கிளையண்ட் கையில் ஒரு ஆவணமும் ஓடுகிற முன்மாதிரியும் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனாலும் சரி. ஆய்வுக்குக் காசு கொடுக்கத் தயங்குகிற கிளையண்ட் பிறகு எதற்கும் தயங்குவார் என்பது அந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும், அதுவே பாதி லாபம். ஆபரேஷன்ஸ் தலைவரை அந்த நான்கு வாரத்துக்குள் ஒரு மணி நேரமாவது உட்கார வைக்க முடியவில்லை என்றால் இரண்டாவது ஒப்பந்தத்துக்குப் போகவே மாட்டோம்.

ஸ்கோப் எழுதி ஜெயிக்க முடியாது என்பதும் ஒரு அளவுக்கு உண்மை, அதற்காக எழுதாமல் விட முடியுமா? செய்யப்போவதை எழுதுவதைவிடச் செய்யாமல் விடப்போவதை எழுதுவதுதான் பலன் தருகிறது. "பழைய டேட்டாவை மாற்றிக் கொடுப்பது இதில் சேராது", "டேப்லெட் லேஅவுட் இதில் சேராது" என்று பத்து வரி எழுதி முதல் பக்கத்திலேயே வையுங்கள். சேரும் பட்டியலை யாரும் வாசிக்க மாட்டார்கள், சேராது என்ற பட்டியலை எல்லோரும் வாசித்து உடனே சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அந்தச் சண்டை கையெழுத்துக்கு முன்பு நடந்தால் ஒரு மீட்டிங்கோடு முடியும், பின்பு நடந்தால் ஒரு கம்பெனியோடு முடியும்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி. டெலிவரி செய்து பத்து வேலை நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். இந்த ஒரு வரி இல்லாமல் எத்தனையோ வேலைகள் வருஷக்கணக்கில் "டெஸ்டிங்கில்" இருக்கின்றன. லைவ் சர்வரில் ஓடும், கிளையண்டின் வாடிக்கையாளர்கள் தினமும் பயன்படுத்துவார்கள், பணத்தில் கடைசி இருபது சதவீதம் மட்டும் வராது, ஏனென்றால் யாரும் சைன்-ஆஃப் கொடுக்கவில்லை.

இரவுடெப்ளாய் எழுதியது:

டெலிவரி பக்கம் இருந்து சொல்கிறேன், நீங்கள் எல்லோரும் விலையைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆட்களைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் இந்த மாதிரிக் கம்பெனி ஒன்றில் டெலிவரி ஹெட்டாக இருந்தவள், இப்போது சொந்தமாகச் சின்னதாக நடத்துகிறேன்.

முதல் விஷயம், நோட்டீஸ் காலம். கிளையண்ட் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், காரணம் எதுவும் சொல்லாமல் 30 நாள் நோட்டீஸில் நிறுத்தலாம் என்று இருக்கும். உங்கள் ஆளின் வேலை ஒப்பந்தத்தில் 60 நாள், 90 நாள் இருக்கும். நடுவில் இருக்கிற அந்த ஒன்றிரண்டு மாதச் சம்பளம் யாருடையது? உங்களுடையது. பத்துப் பேர் ஒரே கிளையண்டில் இருந்தால் ஒரு மின்னஞ்சலில் இருபது மாதச் சம்பளம் வரை தலையில் விழும். தனியன், உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கிறது என்று வாயால் சொல்வது வேறு, 90 நாள் நோட்டீஸ் என்று எழுதிக் கொடுப்பது வேறு. அதைக் கேட்டுப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள்.

இரண்டாவது, தாமதமாகிற ப்ராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் பிரூக்ஸ் ஐபிஎம் அனுபவத்தை வைத்து 1975-இல் சொன்னது எல்லோருக்கும் மனப்பாடம். கன்சல்டிங்கில் அதற்கு ஒரு அசிங்கமான பின்குறிப்பு இருக்கிறது, மணிக்கணக்கில் பில் போடுகிறவனுக்கு ஆள் சேர்ப்பது வருமானம். கிளையண்டே பயந்துபோய் இன்னும் நான்கு பேர் போடுங்கள் என்று கேட்கும்போது வேண்டாம், கெடும் என்று சொல்ல எத்தனை கம்பெனிக்கு மனசு வரும்? முள்ளுவேலி சொல்கிற மணிக்கணக்கில் எனக்கு இருக்கிற நெருடல் இதுதான். நம் லாபமும் கிளையண்டின் லாபமும் எதிரெதிர்த் திசையில் இழுக்கிற ஏற்பாடு அது. நல்லவர்களும் மெதுவாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

மூன்றாவது, டெலிவரிக்குப் பிறகு. 2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை ஊரெல்லாம் பரவிய நாள். ஜாவாவில் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்தே போன பழைய கிளையண்டுகள் எல்லாம் வார இறுதியில் கூப்பிட்டார்கள். எந்த ப்ராஜெக்ட்டில் எந்த வெர்ஷன் இருக்கிறது என்று சொல்ல எங்களிடம் ஒரு பட்டியல்கூட இல்லை, ஒவ்வொரு ரெப்போவாக (கோடு வைத்திருக்கும் இடம்) திறந்து டிபெண்டன்சியை (அது சார்ந்திருக்கும் வெளி லைப்ரரியை) தேடிக்கொண்டிருந்தோம். 2.15-க்கு மாற்றினோம், அதிலும் ஓட்டை என்றார்கள், 2.16, அப்புறம் 2.17, மாதம் முடிவதற்குள் 2.17.1. ஒரே மாதத்தில் அதே சர்வர்களுக்கு மறுபடி மறுபடி. இதற்கு யார் பணம் கொடுப்பது? வாரண்டி 90 நாள் எப்போதோ முடிந்திருந்தது, பராமரிப்பு ஒப்பந்தம் இரண்டே பேருடன்தான் இருந்தது. மற்றவர்களுக்கும் செய்தோம், பில் அனுப்பினோம், ஓட்டையுள்ள பொருளைக் கொடுத்துவிட்டு அதைச் சரிசெய்யக் காசா என்று ஒருவர் கத்தினார். அவர் கோணத்தில் அது நியாயமாகத்தான் இருந்திருக்கும். அன்றிலிருந்து பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் எதையும் லைவுக்கு அனுப்புவதில்லை, மாதாமாதம் ஒரு சின்னத் தொகை, அதற்குள் டிபெண்டன்சி அப்டேட் அடங்கும். சொல்லப்போனால் இப்போது எங்கள் சம்பளத் தேதியைக் காப்பாற்றுவதே அந்தச் சின்னத் தொகைகள்தான், பெரிய ப்ராஜெக்ட் எதுவும் இல்லை.

முள்ளுவேலி எழுதியது:

சகோதரி சொல்லும் எதிரெதிர்த் திசை விஷயத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதுவும் ஏஐ வந்த பிறகு இன்னும் மோசம். கோடு எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் 2022-இல் எல்லோருக்கும் திறந்தபோது வேகம் கூடும், நல்லதுதானே என்று நினைத்தோம். மணிக்கணக்கில் பில் போடுகிறவனுக்கு வேகம் கூடினால் வருமானம் குறையும் என்பது முதல் கிளையண்ட் "இப்போதெல்லாம் இது சீக்கிரம் முடியுமே" என்று கேட்டபோதுதான் உறைத்தது. சீக்கிரம் எழுத முடிகிறதுதான். ஆனால் ரிவியூ, டெஸ்டிங், கிளையண்டின் பழைய சிஸ்டத்தோடு இணைப்பது இதெல்லாம் அதே நேரம்தான் எடுக்கிறது. அதைக் கிளையண்டுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. வாரத்துக்கு இவ்வளவு, இந்த டீம், என்ன முக்கியமோ அதை முதலில் செய்கிறோம் என்று வாரக்கட்டணத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறேன். மணி என்ற சொல்லையே இன்வாய்ஸிலிருந்து எடுத்தாச்சு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பார்த்தீர்களா, இப்போது நீங்களும் ஃபிக்ஸட் பிரைஸ்காரர்தான். வாரத்துக்கு ஃபிக்ஸட்.

தனியன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணக்கை மறுபடி போட்டேன், என் ரேட்டில் அந்த இரண்டு பேரையும் எடுத்திருந்தால் முதல் நாளிலிருந்தே நஷ்டம். ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். பெரிய கிளையண்டின் இந்த வேலை வந்துவிட்டால் என் வருமானத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் அவரிடமிருந்துதான் வரும். அது ஆபத்து என்று எல்லா இடத்திலும் படிக்கிறேன், ஆனால் சின்னதாக இருக்கும்போது எல்லோருக்கும் ஒரு பெரிய கிளையண்ட்தானே இருப்பார்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் எங்கே போவது?

அவர்கள் அனுப்பிய ஒப்பந்த மாதிரியும் வந்திருக்கிறது. நாற்பது பக்கம்.

பழையசர்வர் எழுதியது:

வேண்டாம் என்று சொல்லாதீர்கள், எடுங்கள். எழுபது சதவீதம் ஒரு வருஷத்துக்கு இருக்கலாம், நிரந்தரமாக இருக்கக் கூடாது. ஆபத்து அவர் போய்விடுவதில் மட்டும் இல்லை. அங்கே புதிதாக ஒரு சிடிஓ (தொழில்நுட்பத் தலைவர்) வந்து வெண்டர்களைக் குறைக்கிறேன் என்று ஒரு நாள் ஆரம்பிப்பார், நீங்கள் நன்றாக வேலை செய்தீர்களா என்பது அந்தப் பட்டியலில் ஒரு பத்தியாகக்கூட இருக்காது. அதற்கு முன்பே இன்னொன்று நடக்கும், அவர் ரேட்டைக் குறை என்றால் உங்களால் மறுக்க முடியாது, ஆளை மாற்று என்றால் மறுக்க முடியாது. பெயருக்குக் கம்பெனி, நிஜத்தில் அவருடைய ஒரு டிபார்ட்மெண்ட், பிஎஃபும் லீவும் மட்டும் உங்கள் செலவு. அந்த வருமானத்தில் ஒரு பங்கை மூன்று மாதச் சம்பளம் சேரும்வரை தொடாமல் வையுங்கள், வாரத்தில் ஒரு நாள் அடுத்த கிளையண்டைத் தேட ஒதுக்குங்கள், அந்த நாளை அவருக்கு விற்காதீர்கள். விற்கச் சொல்லி முதலில் கேட்கப்போவதே அவர்தான்.

நாற்பது பக்கத்தையும் வக்கீலிடம் கொடுங்கள், அந்தச் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நீங்கள் படிக்கும்போது சில இடங்களில் மட்டும் நின்று படியுங்கள். சாஃப்ட்வேர் கோடின் உரிமை எப்போது அவருக்குப் போகிறது? எழுதிய நொடியில் என்று இருந்தால் பணம் வந்த பிறகு என்று மாற்றச் சொல்லுங்கள், பேரம் பேச உங்கள் கையில் இருக்கும் பிடி அது ஒன்றுதான். ஒப்பந்தத்தில் எதுவுமே எழுதவில்லை என்றால் என்ன ஆகும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1989-இல் ஒரு சிற்பியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளியாளாக வேலை செய்தவர் ஊழியர் ஆகமாட்டார், அதனால் வேலை கொடுத்தார் என்பதற்காகவே பதிப்புரிமை வேலை கொடுத்தவருக்குப் போய்விடாது என்றது, சிலைக்காக வந்த தீர்ப்பு இன்று நம் கோடுக்கும் பேசப்படுகிறது. பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தங்களில் உரிமை மாற்றம் இரண்டு பக்கத்துக்கு நீள்வதில் இந்தப் பயமும் இருக்கிறது. அப்புறம் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இருக்கிறதா பாருங்கள். கடந்த 12 மாதத்தில் வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகாது என்ற மாதிரி ஒன்று இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள், மூன்று பேர் கம்பெனி வரம்பில்லாத பொறுப்பை ஏற்பது வெறும் காகித வீரம். உங்கள் ஆட்களை அவர் நேரடியாக எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் பாருங்கள். தடை போட முடியவில்லை என்றால் எடுத்தால் இவ்வளவு கட்டணம் என்றாவது போடுங்கள்.

இரவுடெப்ளாய் எழுதியது:

பழையசர்வர் சொன்னதோடு ஒன்று. அந்த இரண்டு பேரையும் அவரிடம் மட்டுமே வேலை பார்க்கிற மாதிரி எடுக்காதீர்கள். உங்கள் இன்னொரு கிளையண்டின் வேலையிலும் மாதத்துக்கு இரண்டு நாளாவது உட்காரட்டும். பெரியவர் நிறுத்தினால் அவர்களை எங்கே வைப்பது என்பதற்கு அப்போது ஒரு பதிலாவது இருக்கும். இன்டர்வியூவில் நீங்கள் போய்ப் பேசி வேலை வாங்கிவிட்டுப் பிறகு புதுப் பையன்களை அனுப்புகிற வேலையும் வேண்டாம். முதல் மூன்று மாதம் நீங்களும் அந்த டீமில் இருங்கள், எவ்வளவு நேரம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இந்தத் துறையில் கிளையண்ட் மன்னிக்காத ஒரு விஷயம் அதுதான்.

மறுகரை எழுதியது:

தனியன், ஒப்பந்தம் பேசி முடிப்பதற்குள்ளேயே வெண்டர் பதிவு ஃபாரத்தைக் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், வேலை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். எங்கள் இடத்தில் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, வரி விவரம், செக்யூரிட்டி கேள்வித்தாள் எல்லாம் முடிய ஆறு வாரம் வரை ஆகிறது, அது முடியாமல் பி.ஓ. உருவாகாது, பி.ஓ. இல்லாமல் இன்வாய்ஸ் ஏறாது. மேனேஜர் "நீங்கள் ஆரம்பியுங்கள், பேப்பர் பின்னாலே வரும்" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். பி.ஓ. எண் மின்னஞ்சலில் வந்த பிறகு ஆரம்பியுங்கள்.

தனியன் எழுதியது:

அதையேதான் இன்று காலை சொன்னார், அதே வார்த்தை. ஃபாரம் கேட்டு மெயில் போட்டுவிட்டேன். 90 நாள் நோட்டீஸும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.